கட்டளைத் திரையும் சித்திரத் திரையும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

கணிப்பொறி எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும் தானாக ஒன்றும் செய்வதில்லை. மனிதன் சொல்ல வேண்டும். அது செய்ய வேண்டும். அப்படியானால் அதனிடம் சொல்வது எவ்வாறு? இக்கேள்விக்கு அறிவியல் உலகம் இரண்டு விடைகளைக் கண்டுள்ளது. விசைப்பலகையில் கட்டளைச் சொற்களைத் தட்டி எழுத்தால் ஆணையிடுவது ஒரு முறை. திரையில் தோன்றும் படங்களையும் பட்டியல்களையும் மவுஸ் எனப்படும் சுட்டியாலோ விரலாலோ தொட்டுக் காட்டுவது மற்றொரு முறை. முன்னதைக் கட்டளைத் திரை என்றும், பின்னதைச் சித்திரத் திரை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

கட்டளைத் திரையைப் பற்றி நம் மாணவரிடையே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. அது காலாவதியான பழைய முறை என்பது ஒன்று. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே அது கைவரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாதவை என்பதே என் எண்ணம். அதிலும் இரண்டாவது கருத்து, தமிழ் வழியில் பயின்று, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என்னைப் போன்றோரை ஒரு நல்ல கருவியின் அருகில் செல்லவிடாமல் தடுக்கிறது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இரண்டும் பிறந்த வரலாறு

முதலில் பழமை, புதுமை என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அறிஞர், சுட்டியை நகர்த்தித் திரையிலுள்ள எழுத்துகளை இயக்கும் விந்தையைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1969-இல், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கினர். இன்று நாம் காணும் கட்டளைத் திரைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தாய்வீடு. ஆக, சுட்டியின் மேடையேற்றத்துக்கு ஓராண்டு பிந்தியே யுனிக்ஸ் பிறந்தது. ஒன்றைப் பாட்டன் என்றும் மற்றொன்றைப் பேரன் என்றும் சொல்வதற்கில்லை.

சித்திரத் திரை மக்களிடம் வந்து சேரத்தான் நாள் பிடித்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையம் 1973-இல் உருவாக்கிய ஆல்டோ பெரும்பாலும் ஆய்வாளர்களிடமே இருந்தது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷும், 1985-இல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸும் விற்பனைக்கு வந்தன. 1995-இல் விண்டோஸ் 95 வெளிவந்தபின், சித்திரத் திரையே கணிப்பொறி என்று உலகம் எண்ணலாயிற்று. அதற்குமுன் எம்எஸ்-டாஸ் காலத்தில் பொதுமக்களும் கட்டளைகளைத் தட்டியே வேலை செய்தனர்.

யுனிக்ஸ் கட்டளைகள் ஏன் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களாக உள்ளன என்று கேட்கலாம். அக்காலத்தில் கணிப்பொறியோடு பேசப் பெரும்பாலும் திரை இல்லை; டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறியே இருந்தது. அது காகிதத்தில் நொடிக்குப் பத்து எழுத்துகளே அடிக்கும். அதன் விசைகளை அழுத்துவதும் விரலுக்கு ஒரு வேலைதான். அந்நிலையில் சொற்சிக்கனம் ஒரு தேவையாயிற்று.

சந்தையும் மளிகைச் சீட்டும்

இரண்டுக்குமுள்ள அடிப்படை வேறுபாட்டை எங்கள் மோகனூர் வழக்கம் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். சந்தையில் காய் வாங்குகிறோம். குவியலைக் காட்டி, ‘இதில் ஒரு கிலோ, அதில் அரைக் கிலோ’ என்கிறோம். காயின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. கண்ணும் விரலும் போதும். சித்திரத் திரை இத்தகையது. என்னென்ன உண்டு என்பதை அது நம் முன் பரப்பி வைக்கிறது. நினைவிலிருந்து ஒன்றையும் எடுக்க வேண்டாம். பார்த்து அடையாளம் கண்டால் போதும்.

மளிகைக் கடையில் நடப்பது வேறு. மாதச் சாமான்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நாம் வேறு வேலைக்குப் போகலாம். பொருளின் பெயரும் அளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் எழுதிவிட்டால் நாற்பது பொருளும் ஒரே முறையில் வந்துவிடும். அடுத்த மாதமும் அதே சீட்டைக் கொடுக்கலாம். தம்பியிடம் கொடுத்து அனுப்பலாம். அரிசி விட்டுப்போயிற்றா என்று பின்னால் சரிபார்க்கலாம். கட்டளைத் திரை இந்தச் சீட்டைப் போன்றது. சந்தையில் விரல்நீட்டியதற்கு ஒரு பதிவும் மிஞ்சுவதில்லை, சீட்டு மிஞ்சுகிறது.

சித்திரத் திரையின் சிறப்பு

எவரும் அஞ்சாமல் அணுகக்கூடியது சித்திரத் திரை. பள்ளிக்கூடமே காணாத முதியவர்கள் கைப்பேசியில் பேரப்பிள்ளையின் படத்தைத் தொட்டு வெளியூருக்குப் பேசுகிறார்கள். கட்டளைத் திரை மட்டுமே இருந்திருப்பின் இது நடந்திராது.

நம் தாய்மொழிக்குச் சித்திரத் திரை செய்த தொண்டு பெரிது. ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. யூனிகோட் முறையில் கணிப்பொறிக்கு அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள் வீதம் பதினைந்து பைட்டுகளாக அது சேமிக்கப்படுகிறது. கட்டளைத் திரையோ கட்டம் போட்ட நோட்டுப் புத்தகத்தைப் போன்றது. ஆங்கில எழுத்து கட்டத்துக்கு ஒன்றாக அழகாக அமரும். ‘கொ’ என்று எழுதினால் எழுத்துக்கு முன்னொரு குறியும் பின்னொரு குறியும் வரவேண்டும். அது அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. பல கட்டளைத் திரைகளில் தமிழ் எழுத்துகள் பிய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் தெரிவதன் காரணம் இதுவே. சித்திரத் திரையில் எழுத்தையும் ஒரு படமாக வரைவதால், தமிழ் தன் வடிவம் குலையாமல் நிற்கிறது.

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் லினக்ஸ் அமைப்பில் பட்டியல்களையே தமிழில் படிக்கலாம். 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இந்தப் பாஸ் அமைப்பும் இருந்தது. நம்மில் பலருடைய வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அப்படிக் கிடைத்த மடிக்கணினிதான் முதல் கணிப்பொறி. அதன் சித்திரங்களைத் தொட்டே நாம் பழகினோம். அதே கணிப்பொறியின் உள்ளே ‘டெர்மினல்’ என்ற பெயரில் கட்டளைத் திரையும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர் சிலரே.

கட்டளைத் திரையின் ஆற்றல்

அத்திரையைத் திறந்தால் என்ன செய்யலாம்? நமக்குத் தெரிந்த நூலைக் கொண்டே பார்ப்போம். தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் ஏற்றி இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. அதன் முதல் நூல் திருக்குறள். அதிலிருந்து குறட்பாக்களை மட்டும் எடுத்து ‘குறள்’ என்ற பெயரில் ஒரு கோப்பில் வைத்திருப்பதாகக் கொள்வோம். 1,330 குறள், அடிகளோ 2,660.

இக்கோப்பில் ‘அறிவு’ என்ற சொல் எத்தனை அடிகளில் வருகிறது? சித்திரத் திரையில் தேடும் பெட்டியில் சொல்லை இட்டு ஒவ்வோரிடமாக நகர்ந்து எண்ணலாம். சில செயலிகள் எண்ணிக்கையையும் சொல்லும். கட்டளைத் திரையில் கீழ்க்கண்டவாறு எழுதுகிறோம். (கட்டளையை ஆங்கில எழுத்துகளில் தட்டவேண்டும், படிப்பதற்காகத் தமிழில் தருகிறேன்.)

கிரெப் அறிவு குறள் | டபிள்யூசி -எல்

‘கிரெப்’ என்பது சொல் வரும் அடிகளைப் பொறுக்கி எடுக்கும் கட்டளை. ‘டபிள்யூசி -எல்’ என்பது வரிகளை எண்ணும் கட்டளை. இடையிலுள்ள செங்குத்துக் கோடு ஒரு குழாய். முதல் கட்டளையின் விளைவை அடுத்ததற்கு அது பாய்ச்சுகிறது. வாய்க்காலில் வரும் நீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுவது போன்ற இந்த ஏற்பாட்டை டக்ளஸ் மெக்கில்ராய் என்பவர் வலியுறுத்த, 1973-இல் யுனிக்ஸில் அது சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு வேலையை மட்டும் செய்யும். குழாயால் இணைத்தால், அவற்றைப் படைத்தவர்கள் எண்ணியிராத வேலைகளையும் செய்துகொள்ளலாம்.

இந்தச் சோதனையில் வேறொரு பாடமும் கிடைக்கிறது. ‘அற’ என்று தேடினால் ‘அறம்’ வரும்; கூடவே ‘அறிவு’ம் வந்து நிற்கும். நமக்கு ‘ற’வும் ‘றி’யும் வெவ்வேறு எழுத்துகள், கணிப்பொறிக்கோ ‘றி’ என்பது ‘ற’வை அடுத்து இகரக் குறி. ‘அறம்’ என்று முழுச்சொல்லைத் தேடினால் ‘அறன்’, ‘அறத்து’ என்று வரும் இடங்கள் தப்பிவிடும். உயிர்மெய்யையும் வேற்றுமைச் சாரியையையும் கற்ற தமிழ் மாணவன் இந்த நுட்பத்தை எளிதில் கண்டுகொள்வான். கணிப்பொறி அறிவுக்கு இலக்கண அறிவு துணை நிற்கும் இடம் இது.

இன்னொரு காட்டு. 133 அதிகாரங்களும் 133 கோப்புகளாக உள்ளன. ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னும் ‘குறள்’ என்று சேர்க்கவேண்டும். ஒவ்வொன்றாகச் சுட்டி, பெயரைத் திறந்து, தட்டி, மூடுவதென்றால் அதே செயலை 133 முறை செய்யவேண்டும். நடுவில் கவனம் சிதறும். கட்டளைத் திரையில் ‘ஒவ்வொரு கோப்புக்கும் இவ்வாறு செய்க’ என்று ஒரு வரி எழுதினால் போதும். கோப்பு 133 ஆனாலும் 13,000 ஆனாலும் வரி ஒன்றுதான்.

அறிவியல் மாணவருக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஆய்வகப் பதிவேட்டில் முடிவை மட்டும் எழுதினால் ஆசிரியர் ஏற்பதில்லை; செய்முறையையும் எழுத வேண்டும். அதைப் படித்து இன்னொருவர் செய்தாலும் அதே முடிவு வரவேண்டும். சுட்டியால் செய்த வேலைக்குச் செய்முறை எழுதுவது கடினம்: ‘மேலே இடப்பக்கம் மூன்றாவது படத்தைத் தொட்டேன்’ என்று எழுதினால், அடுத்த பதிப்பில் அந்தப் படமே இடம் மாறியிருக்கும். கட்டளையால் செய்த வேலையில் கட்டளையே செய்முறை. அதை அப்படியே பதிவேட்டில் ஒட்டலாம்.

காவிரிக் கரையில் ஒரு பேராற்றல் பொறி

கட்டளைத் திரை காலாவதியாகவில்லை என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. மோகனூரைக் கடந்து காவிரி செல்லும் வழியிலுள்ள திருச்சிராப்பள்ளியில், தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2022-ஆம் ஆண்டு மே மாதம் ‘பரம் பொருள்’ என்னும் சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் உச்சத்திறன் 838 டெராஃபிளாப். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்.

இத்தகைய பொறியின் முன்னால் யாரும் சுட்டியை வைத்துக்கொண்டு அமர்வதில்லை. ஆய்வாளர் தம் அறையிலிருந்தே வலைப்பின்னல் வழியே நுழைந்து, தமக்கு எத்தனை செயலகங்கள் வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், எந்த நிரலை ஓட்டவேண்டும் என்று ஒரு கட்டளைக் கோப்பில் எழுதி வரிசையில் சேர்ப்பார். அவர் முறை வரும்போது பொறி அதனைச் செய்து முடிக்கும். மளிகைச் சீட்டின் மகத்தான வடிவம் இது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல், உலகின் தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அவற்றிடம் வேலை வாங்கும் வழக்கமான வழி கட்டளைதான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டளை சில பைட்டுகளில் அடங்கும். படமோ பல்லாயிரம் பைட்டுகளைக் கேட்கும். இணைய இணைப்பு மெலிந்த சிற்றூரிலிருந்தும் தொலைவிலுள்ள கணிப்பொறியைக் கட்டளையால் ஆளமுடியும்.

யாருக்கு எது?

அப்படியானால் எல்லாரும் கட்டளைத் திரைக்கே மாறிவிடலாமா? கூடாது. இரயில் முன்பதிவைப் பாருங்கள். 1985-இல் டில்லியில் தொடங்கி நாடெங்கும் பரவிய கணிப்பொறி முன்பதிவில், பல்லாண்டுகள் நிலைய அலுவலர் முன் இருந்தது எழுத்துத் திரையே. வண்டி எண், நாள், வகுப்பு, ஊர்க்குறியீடு ஆகியவற்றை அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல் தட்டுவார். சேலம் சந்திப்புக்கு ‘எஸ்ஏ’. சென்னை சென்ட்ரலுக்கு ‘எம்ஏஎஸ்’. மதராஸ் 1996-இல் சென்னையாகியும் குறியீட்டில் பழைய பெயர் நிலைத்துவிட்டது. 2002-இல் இணையவழி முன்பதிவு வந்தபோது பொதுமக்களுக்குச் சித்திரத் திரை தரப்பட்டது. அவர்களிடம் குறியீட்டைக் கேட்டால் திகைப்பார்கள்.

இரண்டு ஏற்பாடும் சரியே. ஆண்டுக்கு இருமுறை ஊருக்குப் போகிறவருக்குப் பட்டியல் வேண்டும். நாள் முழுவதும் சீட்டுக் கொடுப்பவருக்கு விரைவு வேண்டும். எப்போதோ செய்யும் வேலைக்குச் சித்திரம். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்குக் கட்டளை. படம் வரைவது, புகைப்படம் திருத்துவது போன்று கண்ணால் பார்த்தே முடிவு செய்யவேண்டிய வேலைகளைக் கட்டளையில் செய்ய முயல்வது வீண். இதே கணிப்பொறியைப் பயன்படுத்தும் பார்வையற்ற தோழருக்கோ சுட்டியால் பயனில்லை. எழுத்தாக இருப்பதைத் திரைபடிக்கும் செயலி அவருக்கு வாசித்துச் சொல்லும்.

கட்டளைத் திரையின் ஆபத்து

கட்டளைத் திரை சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது. சித்திரத் திரையில் அழித்த கோப்பு பெரும்பாலும் குப்பைத்தொட்டியில் கிடக்கும், மீட்கலாம். ‘ஆர்எம்’ கட்டளையால் அழித்ததற்குக் குப்பைத்தொட்டி இல்லை. ஒரே வகைக் கோப்புகளை மட்டும் அழிக்க, உடுக்குறியை அடுத்து அவ்வகையின் பின்னொட்டைச் சேர்த்து எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால் உடுக்குறி தனித்து நின்று, ‘எல்லாம்’ என்று பொருள்பட்டு, கோப்புறையிலுள்ள அத்தனை கோப்புகளும் போய்விடும்.

இதற்கு எளிய காப்பு உண்டு. அழிக்குமுன் அதே குறியை ‘எல்எஸ்’ கட்டளையோடு தட்டுங்கள். அது கோப்புகளைப் பட்டியலிட மட்டும் செய்யும். பட்டியல் சரியென்று கண்டபின் ‘ஆர்எம்’ தட்டலாம். தொடக்கத்தில் ‘ஆர்எம் -ஐ’ என்று எழுதினால், ஒவ்வொரு கோப்பையும் அழிக்கலாமா என்று கேட்டே அழிக்கும்.

ஆங்கிலம் என்னும் அச்சம்

இறுதியாக, ஆங்கில அச்சத்துக்கு வருவோம். ‘எல்எஸ்’ என்பதை இலண்டன் மாநகரில் பிறந்த பிள்ளையிடம் சொன்னாலும் அது விழிக்கும். ‘கிரெப்’ ஆங்கில வீடுகளில் புழங்கிய சொல்லன்று. பழைய எழுத்துத் திருத்தி ஒன்றில் ‘ஜி, ஆர்இ, பி’ என்று தட்டிய கட்டளையிலிருந்து உருவானது. இச்சொற்களை ஆங்கிலப் பள்ளியில் படித்தவரும் புதிதாகவே கற்கவேண்டும். நம் ஊர் அரசுப் பள்ளியில் படித்தவரும் புதிதாகவே கற்கவேண்டும். இருவரும் நிற்கும் தொடக்கக் கோடு ஒன்றே.

எண்ணிப் பார்த்தால், ஆங்கிலச் சித்திரத் திரையே நம்மிடம் அதிக ஆங்கிலம் கேட்கிறது. பட்டியலுக்குள் பட்டியலாக விரியும் நூற்றுக்கணக்கான சொற்கள், திடீரென்று குறுக்கே வந்து ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ விடைகேட்கும் நீண்ட வாக்கியங்கள், இவற்றின் பொருள் புரியாமல் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துகிறவர் நம்மில் பலர். கட்டளைத் திரையில் அன்றாட வேலைக்கு முப்பது குறுஞ்சொற்கள் போதும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் படித்தோர், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கும் பாடத்தில் இத்திரையை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு குறையை மறைக்கக்கூடாது. கட்டளைகளை விளக்கும் கையேட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பிழைச் செய்திகளும் அவ்வாறே. கட்டளைச் சொல்லில் இல்லாத ஆங்கிலத் தடை அதன் விளக்கத்தில் இருக்கிறது. இத்தடையை நீக்குவது நம்மால் இயலாத செயலன்று. முப்பது கட்டளைகளுக்கும் தமிழில் விளக்கமும் ஒவ்வொரு காட்டும் எழுதி ஓர் அட்டவணையாகக் கணிப்பொறி ஆய்வுக்கூடச் சுவரில் மாட்டலாம். அடிக்கடி வரும் பத்துப் பிழைச் செய்திகளுக்கும் தமிழில் பொருள் எழுதிச் சேர்க்கலாம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஒரு வார உழைப்பில் இதை முடித்துவிடலாம். அடுத்து வரும் முதலாண்டு மாணவர்களுக்கு அது பல ஆண்டுகள் பயன்படும்.

மாணவத் தோழர்களே! சித்திரத் திரையைக் கைவிடச் சொல்லவில்லை. இக்கட்டுரையைத் தமிழில் எழுத எனக்கும் அதுவே உதவியது. ஆனால் பிறர் நம் முன் பரப்பி வைத்ததில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவதோடு நம் கணிப்பொறிக் கல்வி நின்றுவிடலாகாது. நமக்கு வேண்டியதை நம் சொல்லால் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸுக்கு விலை இல்லை. கட்டளைத் திரைக்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. அடுத்த செய்முறை வகுப்பில் ஐந்து நிமிடம் மிஞ்சினால் அந்தக் கரிய திரையைத் திறந்து, ‘எல்எஸ்’ என்ற இரண்டெழுத்தைத் தட்டிப் பாருங்கள். உங்கள் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். மற்றவற்றை அங்கிருந்து தொடங்கலாம்.